இதர குறிப்புகள்

ஆண்டாப் ஹில்லில், மாவு மில்லுக்கு மேலே
என் கிளினிக். மில் ஓடினால் ஸ்டெத்தில்
எல்லா இதயமும் கோதுமை அரைக்கும்.
பத்தொன்பது வருஷம் இங்கிருந்து கடிதம் எழுதினேன்,
பெரிய ஆஸ்பத்திரியின் முகம் தெரியாத டாக்டர்களுக்கு.
மதிப்பிற்குரிய ஐயா, இவரைப் பார்க்கவும்.
கடிதம் ரவிக்கைக்குள் போகும்,
ரேஷன் கார்டு உறைக்குள் போகும்,
ஜூலையில் மை கரைந்து
நீலக் கறையாகப் போய்ச் சேரும்.

பதில்?
ஒருமுறை என் சீட்டே திரும்பி வந்தது.
பின்பக்கத்தில் யாரோ டீக்கணக்கு எழுதியிருந்தார்கள்:
நாலு கட்டிங், ஒரு வடாபாவ்.
அதையும் ஃபைலில் வைத்தேன்.

இப்போது கம்ப்யூட்டர்.
கம்பவுண்டர் நர்வேகருக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை.
ஆனாலும் காலையில் ஊதுபத்தியை
அதற்கும் சேர்த்தே சுற்றுகிறார்.

சண்முகக்கனி வந்தாள். நாற்பத்தாறு வயது.
பை கம்பெனியில் ஜிப் ஒட்டுகிறவள்,
விரல் நுனியில் சொல்யூஷன் காய்ந்து
ரேகையே தெரியவில்லை.
வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினேன்.
உள்ளே இழுத்த மூச்சு பாதியில் நின்றது.
வலி எவ்வளவு, பத்துக்கு?
"ரெண்டு போடுங்க டாக்டர்.
நாளைக்கு லோடு இருக்கு."

திரையும் அதையே கேட்டது.
இரண்டை அழுத்தினேன், அவள் சொன்னது அதுதானே.
கண்ணின் மஞ்சளுக்கு ஒரு கட்டம் இருந்தது.
பாதியில் நின்ற மூச்சுக்கு இல்லை.
எல்லாவற்றுக்கும் அடியில், இதர குறிப்புகள்,
இருநூறு எழுத்துக்கு மிகாமல்.
முன்பெல்லாம் தாளின் ஓரத்தில் சாய்வாகக் கிறுக்குவேனே,
அந்த இடம்.
எழுதினேன்:
குறைத்துச் சொல்கிறார். நம்ப வேண்டாம்.

"கையில ஒண்ணும் குடுக்கலியே?"
போயிடுச்சும்மா, அவங்ககிட்ட.
"கேட்ல வாட்ச்மேன் கேட்டா என்னத்தக் காட்ட, காத்தையா?"
நியாயம்தான்.
நர்வேகர் வெள்ளைத் தாளில் எண்ணை மட்டும் எழுதி
மேலே ஒரு முத்திரை குத்தினார்,
கீழே ஒன்று,
யோசித்துவிட்டு நடுவிலும்.

அன்றிரவு: சேர்ந்தது.
பிறகு இரண்டு பதின்மூன்றுக்கு: திறக்கப்பட்டது.
அங்கே யாரோ விழித்திருக்கிறார்கள்.
நான் ஏன் விழித்திருந்தேன் என்று கேட்காதீர்கள்.

ஐந்தாம் நாள், கீழே மில் அலறிக்கொண்டிருக்கையில்,
ஐமன் காஸி, சர்ஜரி, முதலாண்டு மாணவி:
நம்பவில்லை மேடம். எங்களிடம் ஒன்று என்றார்.
பித்தப்பையை எடுத்தாயிற்று. நேற்று டீ குடித்தார்.
லோடு பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நர்வேகர், பிரிண்ட் எடுக்கட்டுமா என்றார்.
எதற்கு, வேண்டாம் என்றேன்.
ஒரு நோயாளி பார்த்து அனுப்பிய பிறகு
சரி, எடுங்கள் என்றேன்.
டீக்கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மற்ற பதினோரு பேர் பெயருக்கு நேரே
இன்னும் சேர்ந்தது என்றுதான் நிற்கிறது.
மழை விடவில்லை.
தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.