டயருக்கு அடியில் கல்

முந்தலிலிருந்து போடிமெட்டு வரை
பதினேழு வளைவு.
ஒவ்வொன்றிலும் யாரையாவது
கொக்கி போட்டு இழுத்திருக்கிறேன்.

தங்கச்சன் கடையில் காலை ஏழு மணிக்கு
டீக்கு முன்னால் பெஞ்சு சூடாகிவிடும்.
ஜப்பான்காரன் இன்ஜினா,
ஆயில் மாத்து, பேரன் காலம்வரை ஓடும்
என்பான் பங்காருசாமி.
அவன் ஓட்டுவது என்னவோ
ஏலத்தோட்டத்துக்குப் பதினாறு பெண்களை ஏற்றும்
இருபத்தெட்டு வயசு ஜீப்.
அதில் ஒரிஜினலாய் மிச்சமிருப்பது
நம்பர் பிளேட்டும் அவன் பிடிவாதமும்.

கொரியாக்காரனுக்கு ஏசி ஜோர், சென்சார் அழும்.
ஜெர்மன்காரனை வாங்க ஒரு லோன்,
வச்சிருக்க இன்னொரு லோன்.
நம்மூர்க் கம்பெனி தகரம் கெட்டி,
கதவிடுக்கில் மழை.
சொல்கிறவர்களில் பாதிப்பேர்
அந்த வண்டிகளில் ஏறியதே இல்லை.
மச்சினன் வைத்திருந்தான், அவ்வளவுதான்.

நீ சொல்லுடா, எது அதிகம் நிக்குது?
என்னிடம் வருவார்கள் கடைசியில்.
அதிகம் ஓடுவது அதிகம் நிற்கும்.
ஷெட்டில் கிடக்கிற வண்டிக்கு
ஏது கெட்ட பேர்?
இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது,
வடையைக் கடித்துக்கொள்வேன்.

கரண்டு வண்டி என்று ஆரம்பித்தால் மட்டும்
தங்கச்சன் பாய்லரை விட்டு வெளியே வருவார்.
அவர் மருமகன் ஒன்று வாங்கியிருக்கிறான்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்.
மேட்டில், ஏலக்காய் குடோன் சுவரோரம்
வெள்ளையாய் ஒன்று
விளக்கணைத்து நின்றது.
உள்ளே ஏசி இல்லை,
கண்ணாடி முழுக்க மூச்சு.
லின்ஸி, தொடுபுழைக்காரி.
காலையில் மதுரையில் இன்டர்வியூ.
பூப்பாறை சார்ஜர் செத்துக் கிடந்ததாம்.
'மூணு சதமானம் சேட்டா,
வலிச்சோண்டு போணும்.'
வலிக்கிறது என்றால்
அவர்களுக்கு இழுப்பது, நமக்கு நோவது.
இந்தத் தொழிலுக்கு இரண்டும் பொருந்தும்.

மூவாயிரத்து ஐந்நூறு.
எனக்கு ஆறாம் தேதி தவணை.
கொக்கியைக் கையில் எடுத்தவன்
ஒரு தடவை கீழே பார்த்தேன்.
இருட்டில் மொத்தமும் இறக்கம்.
எடுத்த இடத்திலேயே அதை மாட்டினேன்.

நீங்க முன்னால உருட்டுங்க,
கரண்டு போனா நான் பின்னாலதான் இருக்கேன்.

மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டுத் தொடர்ந்தேன்.
இரண்டு வளைவு கழித்து
சன்னல் வழியாக ஒரு கை.
நாலு விரல்.
மழை அதை நனைக்க நனைக்க
எடுக்காமலே வைத்திருந்தாள்.
அப்புறம் ஐந்து.
அதற்குப் பிறகு கை வரவில்லை,
ஆறைக் காட்ட ஸ்டியரிங்கை விட வேண்டும்.

முந்தல் செக்போஸ்ட்டில் நிறுத்தி இறங்கி
இரண்டு கையையும் தூக்கினாள்,
ஒரு கட்டைவிரலை மட்டும் மடக்கி.
மலை கொடுத்தது ஆறு.
என் வண்டியில் பிரேக் லைனர் கருகிய வாடை.
அவள் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன்,
ஆற்றங்கரைக் கல்லின் குளுமை.
எத்ர, என்றாள்.
டீசலுக்கு நானூறு, என்றேன்.
ஐந்நூறு கொடுத்தாள், சில்லறை இல்லை என்னிடம்.

மறுநாள் பெஞ்சில் சொல்லியிருக்கக் கூடாது.
'பாத்தியா, அதை ஓட்ட ஒரு மலையே வேணும்டா'
என்றான் பங்காருசாமி.
'உன் ஜீப்பு எறங்கும்போ
ஒரு சொட்டு டீசல் திரிச்சுத் தருமோ?'
என்றார் தங்கச்சன்.
இரண்டு பேரும் ஜெயித்துவிட்டு
இன்னொரு டீ சொன்னார்கள், என் கணக்கில்.

அப்போது போன்.
பதினோராம் வளைவு, குடும்பத்தோடு.
எந்தக் கம்பெனி, ஷோரூமில் என்ன சொன்னான்,
எத்தனை லட்சம், எல்லாம் ஒப்பித்துவிட்டு
'என்ன அண்ணே, கேக்கறீங்களா?' என்றது குரல்.

கேட்டேன்:
டயருக்கு அடியில கல் வச்சாச்சா?