இடது கால்

திங்கள் தொடக்கம் வெள்ளி வரை
கண்ணிவெடி அகற்றுகிற ஆட்களோடு
பழைய லாண்ட்றோவர்.
இரண்டாம் கியரை அதட்டித்தான் போடவேணும்.
சிக்னல் இடப்பக்கம்.

சனிக்கிழமை
தவநிதியக்காவின் வாடகைக் கார்.
கியர் தானாக மாறும்.
சிக்னல் வலப்பக்கம்.
மாங்குளம் சந்தியில் திரும்பக் கைவைக்க,
எறிக்கிற வெயிலில் வைப்பர் எழும்பி
காய்ந்த கண்ணாடியை விறாண்டுகிறது.
கச்சான் விற்கிற பொடியன்
வானத்தைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்க்கிறான்.

கனகராயன்குளத்தடியில் எருமையொன்று குறுக்கே வர
இடது கால் தன்பாட்டில் கிளச்சை மிதித்தது.
அங்கே கிளச் இல்லை.
மிதிபட்டது பிறேக்.
பின்னால் இருந்த திலகநாயகத்தின் நெற்றி
என் சீற்றில் மோதியது.
எருமை அவசரப்படவில்லை.

"குறை நினையாதேங்கோ,
இந்தக் காலுக்கு இன்னும் பழகேல்லை."

வவுனியாவில் பொய்க்காலுக்குப் புதுப் பட்டி போடப் போகிறவர்.
நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்:
"எனக்குப் பதினாலு வருசம், பிள்ளை.
இல்லாத காலில
இண்டைக்கும் பெருவிரல் கடிக்குது.
சொறிவமெண்டு குனிஞ்சு போட்டுத்தான்
நிமிருவன்."

அவர் சிரித்தார். நான் சிரிப்பதா என்று தெரியாமல்
றோட்டைப் பார்த்தேன்.
ஓமந்தை தாண்டும்வரை
இடது காலைச் செருப்போடு மடக்கி
சீற்றுக்கடியில் அடக்கிவைத்திருந்தேன்.

திங்கள் காலை, ஒட்டுசுட்டான் றோட்டில்,
காவலரண் மேட்டடியில் வேகம் குறைக்க
லாண்ட்றோவர் இருமி, ஒருதரம் குதித்து,
நின்றுபோனது.
"என்ன டிறைவரக்கா?" பின்னாலிருந்து ஆறு குரல்.
குனிந்து பார்த்தேன்.
கால் சீற்றுக்கடியில்
மடங்கியபடியே இருந்தது.