பத்தொன்பது சட்டகங்கள்

நைமேகன். நவம்பர். காலை ஏழே கால்.
ஆய்வுக்கூடத்தின் தகரக் கூரையில் மழை
எதையோ எண்ணத் தொடங்கிப் பாதியில் மறந்துவிடுகிறது.
சீட்ஸ்கே ஹூக்ஸ்மா காலணிக் கயிற்றை இறுக்குகிறாள்.
நான் அவள்மேல் வெள்ளி மணிகளை ஒட்டுகிறேன்:
கணுக்காலில், முழங்காலின் இருபுறமும்,
இடுப்பெலும்பின் நான்கு மூலைகளில்,
முதுகுத்தண்டின் கடைசிக் கணுவுக்கு மேலே ஒன்று.
வேர்வை பட்டால் பசை விட்டுவிடும்.
ஒவ்வொரு இடத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைக்கிறேன்.
“பல் ஆஸ்பத்திரி வாசம், யோரிட்” என்கிறாள்.

பன்னிரண்டு கேமராக்கள்.
திரையில் அவள் இல்லை.
நாற்பத்தேழு புள்ளிகள்
ஹாக்கி மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஓடி வருகிறாள். குறுக்கே ஓர் எட்டு.
இடது கால் பந்தைத் தாண்டி வெகுதூரம் போய் ஊன்றுகிறது.
நானாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.
தரைக்கடியில் புதைத்த தட்டு சொல்கிறது,
அந்தக் கண்ணிமைப்பில் அவள் எடை இரண்டரை மடங்கு.
பந்து இன்னும் பின்னால்தான்,
பள்ளிக்கு வரமாட்டேன் என்னும் பிள்ளையாக
மட்டையோடு இழுபட்டு வருகிறது.

இடுப்பு திரும்புகிறது, நிற்கிறது.
அது நின்றால்தான் மார்புக்கு வேகம்.
மார்பு நின்று தோளுக்கு,
தோள் நின்று மணிக்கட்டுக்கு.
எல்லாம் கைமாற்று. பத்திரம் கிடையாது.
நூற்று அறுபது கிராம் பந்து
மணிக்கு எண்பத்தெட்டு கிலோமீட்டரில்
வலையின் மேல்மூலையை உதறுகிறது.
வட்டி கட்டுவது கீழ்முதுகு.

நான் சொல்ல வந்தது இது அல்ல.

அவள் மிகத் தாழ்ந்து பக்கவாட்டில் மடியும்போது
அந்தக் கடைசி மணியை
எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை.
முழங்கை மறைக்கும், இல்லையென்றால் மடிந்த தசை.
சில நாள் மணியே கழன்று
கதவடியில் கிடக்கும்.
பத்தொன்பது சட்டகங்கள்.
நொடியின் பதின்மூன்றில் ஒரு பங்கு.
மென்பொருள் கேட்கும்: இடைவெளியை நிரப்பவா?
ஆம் என்று அழுத்துவேன்.
முன்பு தெரிந்த இடத்துக்கும் பின்பு தெரிந்த இடத்துக்கும் நடுவே
ஓர் அழகான கோடு போட்டுத் தரும்.
எட்டு வருடங்களாக அழுத்திக்கொண்டிருக்கிறேன்.
அறிக்கையில் அது பாகைக் கணக்காகிவிடும்,
தசமப் புள்ளியோடு.

பிற்பகல் பயிற்சியாளர் டிர்க்யான் வந்தார், ஈரக் குடையோடு.
“மூன்று சென்டிமீட்டர் நிமிர்ந்து அடித்தால்?”
“சுமை குறையும். வேகமும் நான்கு கிலோமீட்டர் குறையும்.”
“கோல்கீப்பரின் கையுறை அந்த நான்கில்தான் இருக்கிறது”
என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார்.

சீட்ஸ்கே திரையருகே வந்தாள்.
கோட்டின்மேல் விரல் வைத்து நகர்த்தி
ஓரிடத்தில் நிறுத்தினாள்.
“இங்கேதான் வலிக்கும். இடது பக்கம்.
சாக்ஸ் போடக் குனியும்போதும் இதே இடம்.
இதில் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறேன் பாருங்கள்.”

அது நீங்கள் அல்ல, என்றேன்.
அது நான் வரைந்தது.

சிரித்தாள். சிரிப்பு முதுகுக்குப் போய்ச் சேர்ந்ததும்
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.
“அப்படியென்றால் உங்களுக்கும் தெரியாது.”

ஒன்பதாம் கேமராவைச் சுவரிலிருந்து கழற்றித்
தரையோரம் வைத்தேன்.
அடியில் அட்டை மடித்துச் செருகினேன்.
இன்னும் ஒரே ஒரு முறை என்று நான் கேட்கவில்லை,
அவளே போய் நின்றாள்.
ஓடினாள், ஊன்றினாள், மடிந்தாள்.
பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது,
அதை யாரும் பார்க்கவில்லை.
இருவரும் திரையில் எண்ணிக்கொண்டிருந்தோம்.
பதினொன்று.
இன்னும் பதினொன்று தெரியவில்லை.

மணிகளை உரித்தேன். தோலில் சிவந்த வட்டங்கள்.
கோட்டைத் தாண்டி எடுத்துக்கொள்ளச் சொல்லி
மருத்துவருக்கு ஸ்கேன் சீட்டு எழுதினேன்.
ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்றாள்.
தெரியும் என்றேன்.

அன்றிரவு அறிக்கை அனுப்பும்போது
நிரப்பவா என்ற கேள்விக்கு
முதல்முறையாக இல்லை என்று அழுத்தினேன்.
ஏறிவந்த கோடு முறிந்து, வெறும் தாள்,
அப்புறம் வேறோர் உயரத்தில் மறுபடி கோடு.

ஒன்பது மணிக்கு டிர்க்யான் கூப்பிட்டார்:
“பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதா?”