கவையும் கூட்டலும்

பீல் ஏரியில் மூடுபனி இன்னும் எழவில்லை.
ஆய்வுக்கூடத்தில் ஹீட்டர் மட்டும் முனகுகிறது.
தட்டில் முப்பத்தொரு கடைவாய்ப்பற்கள்,
ஒரு தாடைத் துண்டு,
எல்லாம் ஏரிக்கரைச் சேற்றிலிருந்து வந்தவை.
ஒவ்வொன்றாய் எடுத்து
வெர்னியரின் அலகுக்குள் வைக்கிறேன்,
தூங்கும் பிள்ளைக்கு நகம் வெட்டுவதுபோல.

பதினொன்று புள்ளி இரண்டு.
பத்து புள்ளி ஒன்பது.
உர்சினா எழுதிக்கொள்கிறாள்.

ஒப்பிட்டுப் பார்க்க, குகைக் காலத்துப் பல் ஒன்றின் வார்ப்பு:
மேலே ஐந்து மேடுகள்,
நடுவே கவைக்கொம்பு போலப் பள்ளம்.
பக்கத்தில் ஏரிக்காரர் ஒருவருடைய பல்.
நான்கே மேடு.
பள்ளம் கூட்டல் குறியாகியிருக்கிறது.
கூட்டல் என்று பெயர்,
நடந்ததோ கழித்தல்.

கழித்தது யார்?
நெருப்பு கொஞ்சம்,
பானை கொஞ்சம்,
வெந்து குழைந்த கூழ் கொஞ்சம்.
வேலை குறைந்தால் ஆட்குறைப்பு.
இந்த ஊர்க் கடிகார ஆலைகளைக் கேட்டால் சொல்லும்.

தாடைத் துண்டுக்கு எண் பதினேழு.
பெண் என்கிறார்கள்.
முதல் கடைவாய்ப்பல் தேய்ந்து
கிண்ணம்போலக் குழிந்து
உள்மஞ்சள் தெரிகிறது.
நொறுங்கத் தின்றால் நூறு வயது.
இவள் நொறுங்கத்தான் தின்றாள்,
பார்லியோடு அரைகல்லின் மணலையும் சேர்த்து.
இருபதைத் தாண்டவில்லை.

எப்படித் தெரியும் என்றால்
கடைசிப் பல்லைப் பாருங்கள்.
ஈறைக் கிழித்து அப்போதுதான் எட்டிப்பார்த்தது.
மேடுகள் கூர் மாறாமல்,
ஒரு கீறல் இல்லாமல்.
ஒரு மாதம்கூட மென்றிருக்காது.

போன வாரம் பல் மருத்துவர் எக்ஸ்ரேயை
வெளிச்சத்தில் பிடித்துக்காட்டினார்:
'உங்களுக்கு ஞானப்பல் இல்லை.
புதைந்தும் இல்லை. முளையே விடவில்லை.'
நாற்பத்து மூன்று வயது எனக்கு.
ஞானம் வராததைச் சொல்லிச் சொல்லி
வீட்டில் மூன்று நாள் சிரிப்பு.
நான்தான் குளியலறையில் வாயைத் திறந்து
நாக்கால் அந்த மூலையைத் தேடினேன்.
வழவழவென்று ஈறு. அவ்வளவுதான்.

மதியத்துக்கு வாலிஸ் கம்பு ரொட்டி,
போன மாதம் சுட்டது, ஓடு மாதிரி.
உர்சினா காப்பியில் நனைத்துத் தின்கிறாள்.
எனக்கு இன்று நனைக்கத் தோன்றவில்லை.
கடைசிப் பல் வரை தள்ளிக் கடிக்கிறேன்.
அதற்குப் பின்னால் இருக்க வேண்டியது
இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்?
காது வரை சத்தம்.

கையைத் துடைத்துக்கொண்டு
மறுபடி பதினேழு.
மூன்றாம் கடைவாய்ப்பல், கீழ்த்தாடை, இடது.
வெர்னியர் தொட்டதும்
சின்னதாக ஒரு 'டிக்'.
'ஒன்பது புள்ளி ஆறு' என்கிறேன்.

உர்சினா பேனாவை நிறுத்துகிறாள்.
'கை நடுங்குகிறது உனக்கு.
இன்னொரு தடவை அள.'