எண்பத்தேழாம் பக்கம்

பட்டா, சாதிச் சான்று, இறப்புச் சான்று,
ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம்.
கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
பதினாறு வருடமாக நான் படிப்பது இவ்வளவுதான்.
படிப்பது என்றுகூடச் சொல்ல முடியாது.
கறுப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

ரிஸ்வானா என்றொரு பெண், கல்லூரிப் பை,
நூலகத்து நாவல் ஒன்றை நீட்டினாள்.
"இப்பக் கடையில கெடைக்கலக்கா. முழுசா எடுத்து
ஸ்பைரல் போட்ருங்க. நாளைக்கு வாரேன்."
அட்டை போயிருந்தது, முதல் நான்கு பக்கமும்.
எழுதியவர் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது.

மதியம் கூட்டம் இல்லை.
கண்ணாடியில் கவிழ்த்து, மூடியை அழுத்தி,
பச்சை வெளிச்சம் போய்த் திரும்புவதற்குள்
வெளியே வந்த தாளில் ரெண்டு வரி.
அப்படித்தான் அவள் வந்தாள்,
துண்டு துண்டாக, சூடாக.

பேச்சியம்மாள். பதினாலு வயசு.
பேர்தான் பேச்சி.
கேட்டதற்கு மட்டும் பதில், அதிலும் பாதி.
பந்தியில் கடைசியாக உட்காருவாள்,
இலை பத்துமா என்று எண்ணிவிட்டு.
யாராவது அழுதால் தண்ணீர் கொண்டுவருவாள்,
தோளைத் தொடத் தெரியாது.
சிரித்துக்கொண்டேன்.
இந்த மாதிரிப் பிள்ளை ஒன்றை
எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று.

எண்பத்தேழில்
அவள் அப்பாவை நாலு பேர் தூக்கி வருகிறார்கள்.
வீடு முழுக்க வாசலுக்கு ஓடுகிறது.
பேச்சி அடுப்படிக்குப் போகிறாள்.
உலையை இறக்கிவைத்து, விறகை வெளியே இழுத்து,
தண்ணீர் தெளிக்கிறாள்.
அப்புறம்தான் வாசலுக்கு வருகிறாள்.

மூடியைத் திறந்தபடி நின்றுவிட்டேன்.
வெளிச்சம் முகத்தில் அடித்தது.

செல்லூரில், எங்கள் வீட்டில், அது கேஸ் அடுப்பு.
பால் பொங்குகிற நேரம்.
பெரியாஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்த
வேன் சத்தம் தெருமுனையில் கேட்டது.
நான் போய் அடுப்பை அணைத்தேன்,
சிலிண்டரை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன்.
பெரியத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்பன் பொணமா வந்து கெடக்கான்,
இவ பாலு வழிஞ்சிரும்னு பாக்குறா."
கல்நெஞ்சுக்காரி.
கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும்
அந்தப் பேர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.
போகப்போக நானும் அதற்குத்
திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இந்த ஆள், பேர் தெரியாத இந்த ஆள்,
அந்த வார்த்தையை எழுதவில்லை.
நல்லவள் என்றும் எழுதவில்லை.
தண்ணீர் பட்ட விறகு
சற்று நேரம் சத்தம் போட்டது என்று எழுதி
அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

கோபமாகவும் இருந்தது.
என் அடுப்படிக்குள் இவரை விட்டது யார்?
அதோடு, நூற்றித் தொண்ணூறில் அவளை அழவைத்திருந்தார்.
ஆற்று மணலில், தனியாக, அரைப் பக்கம்.
அவள் அழமாட்டாள்.
அழுவாளா?
ரெண்டு தடவை படித்தேன்.
வரிசையில் நின்றவர் பட்டாவால் மேஜையைத் தட்டினார்.

எண்பத்தேழை மட்டும் இன்னொரு காப்பி எடுத்தேன்.
என் பர்சிலிருந்து ரெண்டு ரூபாய் கல்லாவில் போட்டு
நோட்டில் எழுதினேன்: ஒரு பக்கம்.
கணக்குப் பார்த்த ஞானதுரை அண்ணன் சிரித்தார்.
"ஒனக்கு நீயே காசு போட்டுக்கிட்டியாக்கும்?"
அவளும் போட்டிருப்பாள்.

மறுநாள் ரிஸ்வானா ஸ்பைரலைப் புரட்டிப் பார்த்தாள்.
"படிச்சீங்களாக்கா? அந்தப் பொண்ண
எனக்குப் பிடிக்கவே இல்ல. ஒட்டவே மாட்டேங்குறா."
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

அந்தத் தாள் நாலாக மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.
ராத்திரி, படுத்தபிறகு, வழக்கம்போல எழுந்து போனேன்.
அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டர் மூடியிருந்தது.
நான்தான் மூடியிருப்பேன்.
ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றேன்,
எனக்கு முன்னால் யாரோ வந்துபோன
அடுப்படியில்.