போட்டு வாறன்

மேலே நாற்பத்தெட்டு ஓட்டை,
கீழே நாற்பத்தெட்டு.
மேலால் வெளிக்கிடும், கீழால் உள்ளுக்கு வரும்,
அவ்வளவுதான் பேட்ச் பே என்று
விற்றவன் றெஜியிடம் காசை எண்ணி வாங்கினான்.

மூன்று வருடமாய் நாங்கள்
ராக்கின் முதுகுக்குள் கைவிட்டுத் துழாவித்தான்
கம்ப்ரஸரைக் கண்டுபிடிக்கிறோம்.
போன கிழமை பாசையூர்ப் பாடகர்குழு
அல்லேலூயாவில் பாதியை வாயில் வைத்துக்கொண்டு நிற்க
நான் மேசைக்குக் கீழே,
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி.

நாளை ஒன்பதுக்குத் தவில்.
கொக்குவிலைக் கடைசி ரயில் கடந்த பிறகு
எல்லாவற்றையும் கழற்றினேன்.

செண்ட், ரிட்டர்ன் என்று எழுதி ஒட்டிப் பார்த்தால்
எழுத்து நாடாவை விட நீளம்.
கிழித்துப்போட்டு
மேலே போ என்று எழுதினேன்,
கீழே வா.
ஓரெழுத்து ஒருமொழி. இலக்கண வகுப்பில் தூங்கினதுக்கு
இவ்வளவாவது மிஞ்சியது.
அப்போதுதான் கேட்டது:
மேசையை விட்டு இறங்குகிற ஒவ்வொரு குரலும்
எங்கட ஆட்கள் மாதிரியே சொல்லுகிறது,
போட்டு வாறன்.

ஒன்றும் செருகாவிட்டால்
மேலால் வந்தது தானே கீழால் இறங்கும்.
மேலே மட்டும் செருகினால்
போகிறது போய்க்கொண்டே இருக்கும்,
வேலிப் பொட்டுக்குள்ளால் பார்க்கிற மாதிரி
நீயும் ஒரு கண் வைக்கலாம்.
கீழே செருகினால்தான் பாதை அறும்.
இதுக்குப் பேர் பாதி நார்மல் என்றேன்.
“முழு நார்மலாய் இங்க என்ன கிடக்கு?” என்று றெஜி சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை,
நாலாம் நம்பரில் ஈயம் ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு மணிக்கு ஸ்பீக்கரைத் திறந்தேன்.
ம்ம்ம்ம்.
கரண்டின் குரல். நாயனத்தோடும் சேராது,
ஆர்மோனியத்தில் தேடினால்
இரண்டு கட்டைக்கு நடுவில் குந்தியிருக்கும்.
எர்த் கம்பி அடிக்க வந்த தவயோகம்
ஒன்றரை முழத்தில் கையை விரித்தவர்.
“இதுக்குக் கீழ கல்லு, தங்கச்சி.
உப்பும் கரியும் போட்டு நெடுகத் தண்ணி ஊத்துங்கோ.”
ஊற்றுகிறேன். தன் வாழைக்கென்று நினைத்து
வீட்டுக்காரர் வாடகையில் ஐந்நூறு குறைத்தார்.
மிச்ச இரைச்சல் ஒரு கேபிளால்,
இரண்டு நுனியாலும் மண்ணைத் தேடியிருக்கிறது.
ஒரு நுனியில் உறையை வெட்டிவிட்டேன்.
மண்ணுக்கு ஒருக்கால் போனால் போதும்.

பத்தொன்பது.
அங்கே இருந்த ரிவேர்ப் பெட்டி
ஆவணியில் திருத்தக் கொழும்புக்குப் போனது.
கொடுத்த கடை இப்போது பல்லுக் கிளினிக்.
ஈக்யூவை அதுக்குள் இழுத்துவிடு என்றான் றெஜி.
இழுக்கலாம்தான்.
இந்த ஊரில் ஒரு இடத்தை வெறுமனே வைத்திருக்க
ஆருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

காலை ஒன்பது. கரண்ட் இல்லை.
சிவகடாட்சம் அண்ணை தவிலை மடியில் வைத்தபடி
என் ஓட்டைகளை நெடுநேரம் பார்த்தார்.
விரல் கூடு போடாத கையால்
தொடையில் ஏழு ஏழாய்த் தட்டினார்.

“தொண்ணூற்றாறு. மிஸ்ரத்தில போனா
அஞ்சு மிஞ்சுது” என்றார்.
“பரவாயில்லை, கடைசியில ஒரு கண்டம் வைப்பம்.”

ஃபேன் சுற்றத் தொடங்கியது.