டோக்கன் முப்பத்தொன்று

பணியிடம் ஏழு என்கிறது சுவரில் பலகை.
ஆள் இரண்டு:
நான், அப்புறம்
வாரத்தில் மூன்று நாள் நன்னிலத்திலிருந்து
பஸ் பிடித்து வரும் பொறுப்புச் சார்பதிவாளர்.
கையெழுத்து அவருடையது. மிச்சமெல்லாம் என்னுடையது:
கைரேகை, போட்டோ, ஸ்கேன்,
வில்லங்கம் கேட்டு வருகிறவர்களின் கோபம்,
ஒழுகும் மூலைக்கு வைத்த வாளி.

பத்திரம் படித்துப் படித்து
என் நாற்காலிக்கும் மால் சொல்ல வரும்.
தட்டச்சர் இருந்த இடத்துக்கு மேற்கு,
பதிவறை எழுத்தர் ஓய்வுபெற்ற மேசைக்குத் தெற்கு,
நிரம்பிய பீரோவுக்குக் கிழக்கு,
குடவாசல் ஜனம் மொத்தமும் நிற்கும் வரிசைக்கு வடக்கு,
இந்நான்கு மாலுக்கும் உட்பட்ட
நான்.

அன்று முகூர்த்தத் திங்கள்.
பத்தரைக்குச் சர்வர் படுத்துக்கொண்டது.
அப்பாவின் மூன்று மா நன்செய்க்கு
விடுதலைப் பத்திரம் எழுதி வந்திருந்தார்கள்
அமிர்தகடேசனும் தங்கை தையல்நாயகியும்.
ஒரே பெஞ்சு.
நடுவில் ஒரு ஹெல்மெட், வரப்பு மாதிரி.

போட்டோ பிடிக்கும் கேமராவை நான் அணைக்கவில்லை;
என் திரை ஓரத்தில் அந்த பெஞ்சு
நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டு மணிக்கு அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
சாப்பிடச் சொல்லவில்லை.
மூடியில் இரண்டு இட்லி வைத்து
ஹெல்மெட் வரைக்கும் நகர்த்தினாள், அவ்வளவுதான்.
அவர் வில்லங்கக் கட்டண விவரப் பலகையை
எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.
பத்தொன்பதைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால்
மூடி காலி.
ஹெல்மெட் தரையில்.

இருபத்தாறோடு இருட்டிவிட்டது.
"புதன்கிழமை வாங்க."
"மூணாவது தடவைம்மா இது. சம்பளம் வாங்கல?"
ஏழு பேர் சம்பளமா வாங்குறேன் என்று
நான் கேட்கவில்லை. வாளியைக் கொட்டிவிட்டு வந்தேன்.

புதன்.
முப்பத்தொன்று என்று மூன்று தரம் கூப்பிட்டேன்.
வாசல் வரை போய்
ஆவண எழுத்தர் கடையிலும் கேட்டேன்.
வரவில்லை.
ராசியாகிவிட்டார்களோ,
அலைந்து வெறுத்து வேறு ஆபீஸ் போனார்களோ,
நாற்று விடும் நாளோ.
எனக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ள ஒரு ஆள் போட்டால்
அந்த வேலையையும் நானேதான் பார்க்கவேண்டிவரும்.

காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல்
அடுத்த டோக்கனுக்கு விடாது கம்ப்யூட்டர்.
'ஆள் இல்லை' என்று அடித்தேன்.
எந்தப் பக்கத்து ஆள் என்று
அது கேட்கவில்லை.

முப்பத்திரண்டு.